சம்பந்தியம்மாளின் முகத்துக்கு நேர்ந்த கதி

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, பெண்ணைப் பெற்றவன் கைகட்டி நின்று எழுதிக்கொள்வது.

இங்கே என் மனைவி நலம். உங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற என் மகள் நலம். நான் நலமாக இல்லை. எல்லோரும் நலம் என்று முதலில் எழுதிவிட்டு அப்புறம் விஷயத்துக்கு வருவதுதான் முறை என்று எனக்கும் தெரியும். ஆனால் பொய்யில் ஆரம்பித்தால் மிச்சத்தையும் நீங்கள் நம்பமாட்டீர்கள், மிச்சமோ ஏற்கெனவே நம்பமுடியாத விதமாகத்தான் இருக்கிறது. உங்கள் மூட்டு வலி குறைந்திருக்கும், மாப்பிள்ளையின் புது வேலை பழகியிருக்கும், வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலையும் முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்கவேண்டாம். நாற்காலியில் உட்காருங்கள். பக்கத்தில் மாப்பிள்ளை இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி அவரைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

விஷயம் அந்த நெகட்டிவைப் பற்றியது. அன்றைக்குக் கல்யாணப் பேச்சு முடிந்து, காபி குடித்து, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, நீங்கள் சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னீர்கள். "என் வீட்டுக்காரி படம் ஒண்ணு இருக்கு சம்பந்தி. நெகட்டிவ்தான் இருக்கு. எடுத்த ஸ்டூடியோவை மூடுறப்போ கையில கொடுத்தாங்க, பிரிண்ட் போடவே இல்ல. பையன் தவழ்ந்துக்கிட்டு இருந்தப்பவே அவ போயிட்டா. அவனுக்கு அவங்கம்மா முகமே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடட்டும். போற வழியில ஸ்டூடியோவுல கொடுக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன்." நீங்கள் சொன்னது அவ்வளவுதான். அதற்கு "ஆகட்டும், நல்லது" என்று நான் சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் மனிதனாக நடமாடிக்கொண்டிருப்பேன். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. "ஸ்டூடியோ எதுக்கு சம்பந்தி? நம்மகிட்டயே இருட்டறை இருக்கு. அந்தக் காலத்து முறையில, கையாலேயே தாள் செஞ்சு, நூறு வருஷம் நிக்கிற மாதிரி நானே போட்டுத் தர்றேன்" என்று கையை நீட்டிவிட்டேன். நீங்கள் என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். அப்புறம் பையிலிருந்து உறையை எடுத்துக் கொடுத்தீர்கள். அந்தத் தயக்கத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

என் கை ஏன் அப்படிக் கறுத்திருந்தது என்று நீங்கள் அன்றைக்குக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். நான் லிப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் கட்டடத்து லிப்டைத் தினமும் காலையில் பரிசோதித்தேன். அது போதாதென்று எதிர்க் கட்டடத்து லிப்டையும் பரிசோதித்தேன். நடுவில் நிறுத்தி, கதவைப் பாதி திறந்து, உள்ளே இருப்பவர்களிடம் பயப்படவேண்டாம் என்று சொல்லி, மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். யாரோ ஒரு அம்மாள் மயங்கி விழுந்ததில் இரண்டு கட்டடத்துக்காரர்களும் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "அப்பாவை எங்கேயாவது சேர்த்துவிடணும்மா" என்று என் மகள் அவளுடைய அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரியோ என்று நடுங்கிப்போனேன். கடைசியில் அவள் சேர்த்துவிட்டது ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில்.

அங்கே முன்பு எக்ஸ்ரே பிலிம் கழுவுகிற இருட்டறை ஒன்று இருந்தது. எல்லாம் கம்ப்யூட்டரில் வந்த பிறகு அது சும்மா கிடந்ததால், பல் டாக்டரம்மா அதைப் பழைய முறையில் படம் போட ஆசைப்படுகிற எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டார். சிவப்பு விளக்கு ஒன்று, கழுவுகிற தொட்டி ஒன்று, வரிசையாகப் பிளாஸ்டிக் தட்டுகள், தலைக்கு மேலே துணிக்கொடி மாதிரி கயிறு கட்டிக் கிளிப் மாட்டியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா பல்லைக் குடைவார், நோயாளி முனகுவார், இந்தப் பக்கம் நாங்கள் தட்டை ஆட்டிக்கொண்டிருப்போம். அங்கே வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மதம். பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருவர், அவருக்கு நீல அச்சுதான் தெய்வம். தர்க்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், இலைச்சாற்றில்தான் படம் போடுவார், அதனால் அவருக்குக் கீரை என்று பெயர். டாக்டரம்மாவுக்கு உப்பும் வெள்ளியும். நான் போய்ச் சேர்ந்த முதல் வாரமே அந்த வெள்ளி மருந்துப் புட்டியை மூடி சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்கப் போய்க் கவிழ்த்துவிட்டேன். கையில் பட்டபோது தண்ணீர் மாதிரிதான் இருந்தது. வெளியே வெயிலுக்கு வந்ததும் விரல்கள் கறுக்க ஆரம்பித்தன. சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சை எதற்கும் மசியவில்லை. நீங்கள் பார்த்தது அந்தக் கையைத்தான்.

இந்தப் பழைய முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான் சம்பந்தி. தாளில் மருந்தை நாமே தடவவேண்டும், காயவைத்து அதன்மேல் நெகட்டிவை வைக்கவேண்டும், மேலே கண்ணாடி போட்டு இறுக்கி வெயிலில் வைக்கவேண்டும். வெளிச்சம் பட்ட இடம் நிறம் மாறும், படாத இடம் அப்படியே இருக்கும், படம் வந்துவிடும். கேட்பதற்கு அப்பளம் காயவைக்கிற மாதிரி இருக்கிறதல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். உறையைக் கொண்டுபோய் நடுமேசையில் வைத்து, "இது என் சம்பந்தியோட வீட்டம்மா, இருக்கிறது இது ஒண்ணுதான்" என்று சொன்னேன். எல்லோரும் விளக்கடியில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளங்கை அளவு பிலிம். முகம் கறுப்பாகவும் கூந்தல் வெள்ளையாகவும் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தாலும், தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி, படம் எடுக்கிறவனை நம்பாத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. சின்ன வயசுதான், என் மகள் வயசுதான் இருக்கும். எனக்கு அப்போதே மனசு கனத்துப்போனது.

முதலில் டிரைவர் முந்திக்கொண்டார். "நம்ம நீலத்துல போடுங்க சார், தப்பே நடக்காது" என்றார். தப்பு நடக்கவில்லை. படம் அருமையாக வந்தது. ஆனால் உங்கள் மனைவி தலையிலிருந்து தோள்வரை நீலமாக இருந்தார். டிரைவர் அதைத் தூக்கிப்பிடித்து ஆஹா என்றார். எனக்கோ தண்ணீரிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. இதை எப்படி மாப்பிள்ளை கையில் கொடுப்பது என்று நான் திருதிருவென்று விழிக்க, "டீத்தண்ணியில ஊறப்போட்டா நீலம் போய்க் காப்பிப்பொடி நிறம் வந்துடும்" என்றார். நான் உடனே வீட்டுக்கு ஓடி, பிளாஸ்க் நிறைய டீ வாங்கிவந்து தட்டில் ஊற்றிப் படத்தை மூழ்கவைத்தேன். டீ என்றால் அவர் வெறும் தேயிலைத் தண்ணீரைச் சொல்லியிருக்கிறார். நான் கொண்டுபோனது என் மனைவி போட்டுக்கொடுத்த டீ, பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்டது. நிறமும் சரியாக மாறவில்லை. கொடியில் காயப்போட்டுவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் எறும்பு. கயிறு வழியாக வரிசையாக இறங்கி நெற்றியிலும் கன்னத்திலும் மொய்த்துக்கொண்டிருந்தன. நான் ஊதினேன், தட்டினேன், கடைசியில் துணியால் துடைத்தேன். எறும்போடு மூக்கும் போய்விட்டது.

பரவாயில்லை, நெகட்டிவ் பத்திரமாக இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அப்போதுதான் கீரை என் தோளில் கையைப் போட்டார். "மருந்தே வேணாம் சார், எல்லாம் விஷம். இலைச்சாறு போதும். பொறுமைதான் வேணும், வாரக்கணக்குல வெயில்ல கிடக்கணும்" என்றார். பொறுமைக்கு என்னிடமா பஞ்சம்? என் மனைவி சமைக்க வாங்கிவைத்த கீரையை அரைத்துப் பிழிந்து தாளில் தடவினேன். அன்றைக்கு வீட்டில் ரசமும் கிடையாது, கறியும் கிடையாது, பேச்சும் கிடையாது. நெகட்டிவை மேலே வைத்துக் கண்ணாடி போட்டு மாடியில் வெயிலில் வைத்தேன். காகம் உட்கார்ந்தால் விரட்டினேன், மேகம் வந்தால் திட்டினேன், பக்கத்து வீட்டுப் போர்வையின் நிழல் விழுந்ததற்குச் சண்டை போட்டேன். நடுவில் நீங்கள் போன் செய்து எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டபோது "கனிஞ்சுட்டு வருது சம்பந்தி" என்று சொன்னேன், ஞாபகம் இருக்கும். மூன்றாவது வாரம் கீரையை அழைத்து வந்து இரண்டு பேருமாகத் திறந்தோம். முகம் கரும்பச்சை, தலைமுடி வெளுப்பு. பச்சை நிறத்தில் ஒரு கிழவி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீரை கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "ஆமா, சாறு வெயில்ல வெளுக்கும், மத்த மருந்து வெயில்ல கறுக்கும். அப்போ எனக்கு நெகட்டிவ் ஆகாது, நேர்படம்தான் வேணும். நான் வழக்கமா நெகட்டிவுக்குப் பதிலா இலையைத்தானே வைக்கிறேன், இது தோணவே இல்ல" என்றார். தர்க்கம் சொல்லிக்கொடுத்தவர் சம்பந்தி. நான் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் அந்தத் தாளைக் கொண்டுபோய் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். புடவை எடுக்கப்போன என் மனைவி போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்.

கடைசியில் டாக்டரம்மாவிடமே சரணடைந்தேன். முதலிலேயே போயிருக்கவேண்டும். புட்டியைக் கவிழ்த்தவன் என்ற கூச்சம் தடுத்தது. அவர் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தார். தாளை உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, சிவப்பு விளக்கில் வெள்ளி மருந்தைத் தூரிகையால் தடவி, மறுபடி காயவைக்கவேண்டும். "நல்லாக் காயணும். ஈரம் துளி இருந்தாலும் வெள்ளி நெகட்டிவ்ல ஏறிடும். அதனால நடுவுல இந்த மெல்லிசு பிளாஸ்டிக் தாளை வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நோயாளியைப் பார்க்கப் போனார். நான் தாளின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. உத்தியோகத்தில் இருந்தபோது இப்படித் தொட்டுப் பார்த்துத்தான் எத்தனையோ லிப்டுகளுக்குச் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிளாஸ்டிக் தாளையும் பார்த்தேன். அதை நடுவில் வைத்தால் படம் கொஞ்சம் மங்கும் என்று டிரைவர் ஒருமுறை சொல்லியிருந்தார். மாப்பிள்ளை அவர் அம்மாவைப் பார்க்கும்போது கண்ணிமை மயிர்கூடத் தெரியவேண்டும் என்பது என் ஆசை. ஆசைதான் சம்பந்தி, வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. பிளாஸ்டிக் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெயிலில் வைத்து எடுத்துத் திறந்தபோது உங்கள் மனைவி வந்துவிட்டார். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மண்ணும் செம்மையும் கலந்த நிறம். அந்த உயர்ந்த புருவம், காதோரம் அடங்காத நாலு முடி, ரவிக்கைத் தோளில் குத்தியிருந்த ஊக்கு, எல்லாம் இருந்தது. நம்பாத பார்வைதான், ஆனால் உதட்டோரம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நெகட்டிவில் அது தெரியவில்லை. இந்த முகத்தைப் பார்க்காமலா ஒரு பிள்ளை இத்தனை வருஷம் வளர்ந்தான் என்று நினைத்தேன், நீங்கள் ஒற்றை ஆளாக மாப்பிள்ளையை வளர்த்ததை நினைத்தேன், அழுதுவிட்டேன். இதை உடனே என் மனைவிக்குக் காட்டவேண்டும் என்று, சாப்பாட்டுத் தட்டை ஏந்துவது போல இரண்டு கையிலும் படத்தை ஏந்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.

படத்தை ஹைப்போ என்ற மருந்தில் போட்டு எடுத்தால்தான் அது நிலைக்கும், அதுவரை வெளிச்சம் பட்டால் கறுத்துக்கொண்டே போகும் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருந்தார். சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தார். அழுதுகொண்டிருந்தவனுக்கு அது எங்கே ஞாபகம் வரும்? மருந்துக்கடை முனை திரும்பும்போது நெற்றி கறுத்தது. கண்ணீர் மறைக்கிறது என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பேருந்து நிறுத்தத்துக்கு வரும்போது புருவம் போய்விட்டது. நான் ஓட ஆரம்பித்தேன். ஓடினால் என்ன ஆகும், வெயிலும் கூடவே வந்தது. வீட்டு வாசலில் மூச்சிரைக்க நின்று நீட்டியபோது, என் மனைவி தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, அடுப்புல காட்டினீங்களா?" என்று கேட்டாள்.

சரி, இன்னொன்று போட்டால் போயிற்று என்று திரும்பி ஓடினேன். கண்ணாடிச் சட்டத்தில் விட்டுப்போன நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தாளின் ஓரம்தான் காய்ந்திருக்கிறது, நடுவில் ஈரம் இருந்திருக்கிறது. உங்கள் மனைவியின் மூக்கிலிருந்து காதுவரை ஒரு பழுப்புக் கறை, நான் பார்க்கப் பார்க்கவே பெரிதாகிக்கொண்டிருந்தது. சிகிச்சை அறைக் கதவில் போய் நின்று விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மாவின் இரண்டு கையும் யாரோ ஒருவர் வாய்க்குள் இருந்தன. "ஒண்ணும் பண்ணாதீங்க. அப்படியே மேசையில வைங்க. இந்தப் பல்லை எடுத்துட்டு வந்து நான் பார்க்கிறேன்" என்றார். வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளிகூட ஒன்றும் பண்ணாதே என்று கையை ஆட்டினார். ஆனால் நான் ஒன்றும் பண்ணாமல் இருக்கக்கூடிய ஆளாக இருந்தால் என்னை ஏன் அங்கே சேர்க்கப்போகிறார்கள்? கறை என்றால் வெந்நீர் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டைக் கறை, தரைக் கறை, பாத்திரக் கறை எல்லாவற்றுக்கும் என் மனைவி வெந்நீர்தான் ஊற்றுவாள். கெண்டியில் வெந்நீர் இருந்தது. தட்டில் ஊற்றி நெகட்டிவை அதில் போட்டேன்.

பிலிமின் மேல் படம் இருப்பது ஒரு மெல்லிய பசையில் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வெந்நீரில் அது இளகும். பால் ஆறும்போது மேலே படிகிற ஆடையை விரலால் ஒதுக்கினால் எப்படி ஒதுங்குமோ, அப்படி உங்கள் மனைவியின் முகம் பிலிமைவிட்டு ஒதுங்கித் தட்டில் மிதந்தது. ஒரு நிமிஷம் முழுசாகத்தான் மிதந்தது சம்பந்தி. நான் அதை எடுக்கப் பார்த்தேன். விரலில் சுருண்டுகொண்டது. டாக்டரம்மா வந்தபோது நான் என் சுட்டுவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேயறைந்த மாதிரி நின்றிருந்தேன். அவர் திட்டவில்லை. என்னை உட்காரவைத்து, பல் பிடுங்கியவர்களுக்குக் கொடுக்கிற குளிர்ந்த தண்ணீரைக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

துக்கம் விசாரிக்க டிரைவர் வந்தார், கீரை வந்தார். கீரைதான் அந்த யோசனையைச் சொன்னார். "மாப்பிள்ளைக்குத்தான் முகமே தெரியாதுன்னு சொல்றீங்களே. பழைய படம் ஏதாவது ஒண்ணு, அதே வயசுல ஒரு அம்மா, நல்லாப் போட்டுக் கொடுத்துடலாமே. அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?" மறைக்காமல் எழுதுகிறேன், ஒரு ராத்திரி முழுக்க அந்த யோசனை எனக்கு இனித்தது. ஆனால் காலையில் பல் தேய்க்கும்போது, யாரோ ஒருத்தியை அம்மா என்று அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பானே, நீங்களும் வாயைத் திறக்கமுடியாமல் பக்கத்தில் நிற்பீர்களே என்று தோன்றியது. பிரஷ் கையில் இருந்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். "மாமா, அம்மா படம் முடிஞ்சுதா? அப்பாகிட்ட கேட்டா, மாமா பார்த்துக்கிறார், அவரை அவசரப்படுத்தாதேன்னு சொல்றார். அதான் உங்ககிட்டயே கேட்கிறேன். எனக்கு மூக்கு யார் மாதிரின்னு தெரியணும் மாமா, அப்பா மாதிரி இல்ல" என்றார். நான் "வேலை நடக்குது தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். என் மகள் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. "அப்பா, நான் அவர்கிட்ட சொல்லமாட்டேன். நீங்கதான் அவங்கப்பாவுக்கு எழுதணும். நீங்க எழுதுற வரைக்கும் நான் அவர்கிட்ட பேசவும் மாட்டேன், பொய் சொல்ல எனக்கு வராது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் இப்போது பேச்சு இல்லை, காரணம் தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருப்பார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் செய்தது மன்னிக்கிற காரியம் இல்லை. மன்னிப்பு கேட்கவும் எனக்கு மூஞ்சி இல்லை. தண்டனை எதுவானாலும் என்னோடு நிற்கட்டும், என் பெண் மேல் அதை இறக்கிவிடாதீர்கள் என்பது ஒன்றுதான் என் வேண்டுதல். கல்யாணத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். வரவே வேண்டாம் என்றாலும் சரி. அந்த இருட்டறை வாசலை இனி மிதிக்கமாட்டேன், அங்கே கட்டிக்கொள்கிற என் ஏப்ரனைக் கழற்றி டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மிச்சமிருக்கிற வெறும் பிலிமை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழ் ஓரத்தில் தோளும் ஊக்கும் மட்டும் தப்பித்திருக்கின்றன. தினமும் அதைப் பார்த்து அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்காருகிறேன்.

உங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராமல் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும். என் மனைவி தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னாள், என் பெயரோடு சேர்க்காமல் தனியாகத் தெரிவிக்கச் சொன்னாள்.

தலைகுனிந்து,
உங்கள் சம்பந்தி (இன்னமும் அப்படி எழுத அனுமதி உண்டு என்றால்)

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடித்து உறையில் போட்டு, தபாலில் சேர்க்கத் தைரியம் வராமல் நான் மாடியில் நடந்துகொண்டிருந்தபோது, என் மனைவி உங்களுக்குப் போன் செய்துவிட்டாள். நான் இறங்கி வரும்போது போனை என் காதில் வைத்தாள். நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் சிரித்து நான் கேட்டதே இல்லை, அதனால் முதலில் அழுகிறீர்கள் என்று நினைத்து நானும் அழ ஆரம்பித்தேன். "அழாதீங்க சம்பந்தி. அது என் மாமியாரு" என்றீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பையில ரெண்டு உறை இருந்தது. ஒண்ணு அவ, ஒண்ணு அவங்கம்மா சின்ன வயசுல எடுத்தது. ரெண்டையும்தான் ஸ்டூடியோவுல கொடுக்கப் போனேன். உங்க விரலைப் பார்த்தேன், கை தானா மாமியார் பக்கம் போயிடுச்சு. நல்லா வந்தா அப்புறம் அவளைக் கொடுக்கலாம்னு இருந்தேன்" என்றீர்கள். சம்பந்தி, உங்கள் மாமியாரிடம் நான் எத்தனை நாள் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன் தெரியுமா? அந்த அம்மாளின் படம் போய்விட்டதே என்றால், "போகட்டும், ஆளு உசுரோட இருந்தப்பவே என்னை அந்தப் படத்துல இருக்கிற மாதிரி நம்பாமதான் பார்ப்பாங்க" என்கிறீர்கள்.

அதோடு விட்டிருந்தால் இன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நாளைக்கு நீங்கள் நேரில் வருவதாகவும், நிஜமான உறையைக் கொண்டுவருவதாகவும், நான்தான் போட்டுத் தரவேண்டும் என்றும் சொல்லிவிட்டீர்கள். வேண்டாம், காலில் விழுகிறேன், ஸ்டூடியோவில் கொடுங்கள் என்றேன். "ஸ்டூடியோக்காரன் இனிமேதான் தப்பு பண்ண ஆரம்பிக்கணும். நீங்க எல்லாத்தையும் பண்ணி முடிச்சுட்டீங்க" என்றீர்கள். அப்புறம், "அவ முகத்தைத் தாள்ல பார்க்க எனக்குத் தைரியம் வந்ததே இல்ல சம்பந்தி. அதான் இத்தனை வருஷம் பிரிண்ட் போடல. மாமியாருக்கே நீங்க அழுதிருக்கீங்க. நீங்க பக்கத்துல இருந்தா பார்த்துடுவேன்" என்றீர்கள். ஏப்ரனைத் திரும்ப வாங்கிவந்துவிட்டேன். மகள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறாள், இன்னும் வைக்கவில்லை.

ஆனால் என் மனைவி உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள். அதனால் இந்தக் கடிதத்தைக் கிழிக்காமல், உறைமேல் உங்கள் பெயரைப் பெரிதாக எழுதி, எங்கள் வாசல் தபால் பெட்டியில் வெளியே தெரிகிற மாதிரி வைக்கிறேன். நாளைக்கு வந்ததும் முதலில் இதைப் படியுங்கள், எறும்பு முதல் வெந்நீர் வரை முழுசாகப் படியுங்கள். நான் எல்லாத் தப்பையும் செய்து முடித்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள், உங்களுக்கு என்னை அவ்வளவாகத் தெரியாது. படித்த பிறகு மணியை அடிக்காமல் உறையோடு திரும்பிப் போனால் நான் தப்பாக நினைக்கமாட்டேன், சொல்லப்போனால் நிம்மதியாக மூச்சு விடுவேன். மணி அடித்தால் பயந்துகொண்டேதான் வந்து திறப்பேன். அடியுங்கள் சம்பந்தி.